பூம் ஸ்பிரேயரில் ரேட் கன்ட்ரோலரை நாமே செட் செய்வது எப்படி

நீளக் கம்பியில் வரிசையாக நாசில் (மருந்து பீய்ச்சும் முனை) வைத்து டிராக்டரில் மாட்டும் பூம் ஸ்பிரேயரோடு ரேட் கன்ட்ரோலர் என்று ஒரு பெட்டியும் இப்போது சேர்ந்து வருகிறது. வண்டி வேகமெடுத்தால் தண்ணீரைக் கூட்டி, வேகம் குறைந்தால் குறைத்து, ஏக்கருக்கு நாம் சொன்ன அளவு விழ வைப்பதுதான் அதன் வேலை. ஆனால் இறக்கிவிட்டுப் போகிறவர் "எல்லாம் செட் பண்ணியாச்சு அண்ணாச்சி, நீங்க ஓட்டிக்கிடலாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். அவர் போட்டுவிட்டுப் போன எண்கள் நம்முடைய டயருக்கும் நாசிலுக்கும் பொருந்துமா என்று அவரும் பார்ப்பதில்லை, நாமும் கேட்பதில்லை. கையேடு ஆங்கிலத்தில் இருக்கும், அதிலும் பாதி கேலன் கணக்கு. நான் அதோடு மல்லுக்கட்டித்தான் இதையெல்லாம் தெரிந்துகொண்டேன். அடுத்தவர் அந்தப் பாடு பட வேண்டாம் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன்.

மானூர், சங்கரன்கோவில், கயத்தாறு பக்கம் கரிசலில் உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், பருத்தி போடுகிறவர்களை மனதில் வைத்து எழுதியது இது. ஆற்றுப்பாசன நெல் வயலில் பூம் மாட்டிய டிராக்டருக்கு வேலை இல்லை, அவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். உங்கள் வண்டியில் பெட்டியே இல்லை, வெறும் பிரஷர் வால்வுதான் என்றாலும் 1 முதல் 5 வரை அப்படியே உங்களுக்கும் பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டியின் பட்டனை அமுக்கித் தொடங்காதீர்கள். நாசில் சரியில்லாத வண்டியில் எந்த எண்ணைப் போட்டாலும் எடுபடாது. நாசிலில் தொடங்கி வேகம், அளவு ஜாடி, அதன் பிறகு பெட்டி என்ற வரிசையில் போங்கள்.

1. கையில் இருக்க வேண்டிய தாள்களும் சாமான்களும்

தாள்கள் முதலில். வாங்கிய பில், வாரண்டி அட்டை, கையேடு, பெட்டியின் சீரியல் எண், நாசிலின் அளவு எழுதிய தாள், பம்பு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தரும் என்ற விவரம். கடைசி இரண்டையும் கடைக்காரர் தானாகத் தர மாட்டார், கேட்டு எழுதி வாங்குங்கள். கூடவே நிலத்தின் சிட்டா நகல் ஒன்று. மருந்தடிக்க சிட்டா எதற்கு என்று தோன்றும். நம் ஊரில் மரக்கால் விதைப்பாடு, குறுக்கம் என்று வாய்க்கணக்கில் நிலத்தைச் சொல்லிப் பழகிவிட்டோம், அதில் அரை ஏக்கர் முன்னே பின்னே இருக்கும். சிட்டாவில் ஹெக்டேர், ஏர் கணக்கில் துல்லியமாக இருக்கும். 0.81.0 என்றால் இரண்டு ஏக்கர். ஒரு ஏக்கர் ஏறத்தாழ நாற்பதரை ஏர். பெட்டி காட்டும் பரப்பைச் சரிபார்க்க இதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது, அரசு இணையதளத்தில் நாமே எடுத்துக்கொள்ளலாம்.

சாமான்கள்: லிட்டர் கோடு போட்ட பிளாஸ்டிக் ஜாடி இரண்டு, 20 லிட்டர் வாளி, 50 மீட்டர் டேப், நான்கு குச்சி, செல்போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச், நாசில் கழுவ ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ், ரப்பர் கையுறை. கம்பியையோ ஊசியையோ விட்டு நாசிலைக் குத்தாதீர்கள், ஓட்டை பெருத்துவிடும். வாயில் வைத்து ஊதுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஆனால் இன்றைக்கும் ஊதுகிறார்கள்.

செலவு என்று பார்த்தால் இதில் டேப்பும் ஜாடியும்தான் கடையில் வாங்க வேண்டியவை. நாசில் முழு செட் மாற்ற வேண்டி வந்தால் அதுதான் கனமான செலவு. அதையும் மருந்துச் செலவோடு வைத்துப் பாருங்கள். ஏக்கருக்கு ஆயிரம் ரூபாய் மருந்து, பத்து ஏக்கர், நாசில் தேய்ந்து 15 சதவீதம் கூடுதலாகப் போகிறது என்றால், ஒரு தடவை அடிக்கும்போதே 1,500 ரூபாய் மண்ணில் போகிறது.

இன்னும் ஸ்பிரேயர் வாங்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தில் மானியம் உண்டு: சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம், இரண்டுக்கும் உச்சவரம்பு உண்டு. விண்ணப்பம் வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக. ஆதார், சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தக நகல், புகைப்படம், சிறு குறு விவசாயி என்றால் அதற்கான சான்று, தேவைப்பட்டால் சாதிச் சான்று. சிறு குறு விவசாயி சான்று கையில் வர நாளாகும், அதை முதலில் போட்டுவிடுங்கள். பலர் விழும் குழி எது என்றால், அனுமதி வருவதற்கு முன் அவசரப்பட்டுப் பணம் கட்டி வண்டியை எடுத்துவிடுவது. அப்புறம் மானியம் கேட்க முடியாது.

2. எப்போது செய்வது

விதைப்புக்கு முன், ஆவணி கடைசியிலோ புரட்டாசி தொடக்கத்திலோ செய்துவிடுங்கள். ஐப்பசி மழை விழுந்து விதைத்த பிறகு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வண்டி வேண்டும், மெக்கானிக் போனை எடுக்க மாட்டார், நாசில் கடையில் தீர்ந்திருக்கும். முதல் தடவை ஒரு காலைப்பொழுது முழுதும் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழகிவிட்டால் ஒரு மணி நேர வேலை.

வெறும் தண்ணீரில்தான் செய்ய வேண்டும். போன தடவை அடித்த மருந்து டேங்கில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் மூன்று முறை அலசிவிட்டுத் தொடங்குங்கள், கையுறையைக் கழற்றாதீர்கள். அலசிய தண்ணீர் வாய்க்காலிலோ குளத்திலோ கிணற்றடியிலோ போகக் கூடாது.

காற்று நம் பக்கத்துக்கே உரிய தலைவலி. கயத்தாறு, பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலை வரிசையாக நிற்பது சும்மா இல்லை. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றில் வெயில் ஏறிய பிறகு எந்த செட்டிங்கும் நிற்காது. விடிந்து வெயில் ஏறும் வரைதான் நேரம்.

3. நாசிலும் பம்பும்

பூமில் எத்தனை நாசில், ஒன்றுக்கொன்று எத்தனை சென்டிமீட்டர் என்று நீங்களே அளந்து எழுதுங்கள். 50 சென்டிமீட்டர் என்று சொல்லி விற்ற பூமில் 45 இருப்பது உண்டு. எல்லா நாசிலும் ஒரே நிறமா என்று பாருங்கள். இது அலங்கார நிறமில்லை, சர்வதேச அளவுக் குறியீடு. 3 பார் பிரஷரில் பச்சை நிமிடத்துக்குச் சுமார் 0.6 லிட்டர், மஞ்சள் 0.8, நீலம் 1.2, சிவப்பு 1.6, பழுப்பு 2 லிட்டர் விடும். உடைந்ததற்குப் பதிலாகக் கையில் கிடைத்த நிறத்தை மாட்டி ஓட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு. நீல வரிசையில் ஒரு சிவப்பு நின்றால் அதன் கீழே உள்ள இரண்டு சால் பயிருக்கு மூன்றில் ஒரு பங்கு மருந்து கூடுதல்.

எந்த நிறம் வேண்டும்? உளுந்துக்கு வேளாண் பல்கலைக்கழகத்தின் பயறு ஒண்டர் என்ற சத்துக் கலவையை ஏக்கருக்கு 2 கிலோ வீதம் 200 லிட்டர் தண்ணீரில் கலந்து பூக்கும் சமயத்தில் அடிக்கச் சொல்கிறார்கள். அந்த 200 லிட்டரையே வைத்துப் பார்ப்போம். நாசில் இடைவெளி 50 சென்டிமீட்டர் என்றால், ஏக்கருக்கு வேண்டிய லிட்டரை வண்டியின் வேகத்தால் பெருக்கி 486-ஆல் வகுங்கள், ஒரு நாசில் நிமிடத்துக்கு விட வேண்டிய லிட்டர் வந்துவிடும். 200 லிட்டர், மணிக்கு 4 கிலோமீட்டர்: 800-ஐ 486-ஆல் வகுத்தால் 1.65. ஆக சிவப்பு, 3 பாருக்குச் சற்று மேலே. அதே 200 லிட்டரை 5 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்க வேண்டும் என்றால் 2.06, பழுப்புக்குப் போக வேண்டும்.

ரேட் கன்ட்ரோலர் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பீர்கள். பார்த்துக்கொள்ளும், ஆனால் அதன் கையில் இருப்பது பிரஷர் மட்டும்தான். தண்ணீர் இரண்டு மடங்காக வேண்டும் என்றால் பிரஷர் நான்கு மடங்காக வேண்டும். சிவப்பு நாசிலை 1.5 பாரிலிருந்து 4 பார் வரை ஓட்டினால், 200 லிட்டருக்கு வண்டி 2.7 கிலோமீட்டரிலிருந்து 4.4 கிலோமீட்டர் வரைதான் போகலாம். அதற்கு மேல் வேகம் எடுத்தால் பிரஷர் ஏறி மருந்து புகையாகப் பறக்கும். பக்கத்துக்காரர் பருத்தி போட்டிருந்து, நீங்கள் மக்காச்சோளத்துக்கு 2,4-டி அடித்துக்கொண்டிருந்தால் பஞ்சாயத்து வரைக்கும் போகும். பருத்திக்கு அந்தக் களைக்கொல்லியின் சாரல் பட்டாலே இலை சுருண்டுவிடும்.

அப்புறம் பம்பு. 24 நாசில், ஒவ்வொன்றும் 1.65 லிட்டர் என்றால் நாசிலுக்கு மட்டுமே நிமிடத்துக்கு 40 லிட்டர் வேண்டும். டேங்கில் மருந்து அடியில் படியாமல் கலக்கிக்கொண்டிருக்க ஒரு பங்கு திரும்பிப் போக வேண்டும். 600 லிட்டர் டேங்குக்கு அது 30 லிட்டர் என்று கணக்கு வையுங்கள். மொத்தம் 70. கையில் பிடிக்கும் ஸ்பிரே கன் மாட்டி அடிக்க வாங்கிய சின்ன எச்.டி.பி. பம்பை இந்த பூமில் சேர்த்துவிட்டுப் பிரஷர் ஏறவில்லை என்று பெட்டியைத் திட்டிப் பயனில்லை.

4. வேகத்தை அளப்பது

டேங்கில் பாதி தண்ணீர் நிரப்பி, அடிக்கப்போகும் அதே மண்ணில் 50 மீட்டர் அளந்து குச்சி நடுங்கள். தார்ரோட்டில் அளக்காதீர்கள், கரிசல் மண்ணில் டயர் ஓடும் விதமே வேறு. பி.டி.ஓ. (பம்பைச் சுற்ற வைக்கும் டிராக்டரின் பின்பக்கத் தண்டு) 540 சுற்று வரும் இன்ஜின் வேகத்தில் த்ரோட்டிலை நிறுத்தி, பத்து மீட்டர் முன்பிருந்தே ஓட்டி வந்து, குச்சிக்குக் குச்சி நேரம் பாருங்கள். போக ஒரு தடவை, வர ஒரு தடவை, சராசரி எடுங்கள். 45 விநாடி என்றால் 4 கிலோமீட்டர் வேகம். 36 விநாடி என்றால் 5. வேறு எண் வந்தால் 180-ஐ விநாடியால் வகுங்கள்.

வேகம் மாற்ற வேண்டும் என்றால் கியரை மாற்றுங்கள், த்ரோட்டிலைத் தொடாதீர்கள். த்ரோட்டிலைக் குறைத்தால் பம்பும் சேர்ந்து மெதுவாகும். எந்தக் கியர், எத்தனை ஆர்.பி.எம்., எத்தனை விநாடி என்பதை டேங்கின் மேல் பெயிண்டில் எழுதி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், நல்ல பழக்கம். டிரைவர் மாறினாலும் எண் மாறாது.

5. ஜாடிப் பரீட்சை

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்யப் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். வண்டியை நிறுத்தி, அதே த்ரோட்டிலில் பி.டி.ஓ.வை ஓட்டி, பெட்டியை மேனுவலில் போட்டு, பிரஷரை 3 பாரில் நிறுத்துங்கள். 50 மீட்டர் ஓட எத்தனை விநாடி ஆனதோ அத்தனை விநாடி ஒரு நாசிலின் கீழே ஜாடியைப் பிடியுங்கள். ஜாடியில் விழுந்த லிட்டரை 162-ஆல் பெருக்கினால் ஏக்கருக்கு எத்தனை லிட்டர் என்று வந்துவிடும். நாசில் இடைவெளி 45 சென்டிமீட்டர் என்றால் 180-ஆல் பெருக்குங்கள். வேறு எந்தச் சூத்திரமும் வேண்டாம். 200 லிட்டர் வேண்டும், இடைவெளி 50 என்றால் ஜாடியில் 1.235 லிட்டர் நிற்க வேண்டும்.

எல்லா நாசிலிலும் பிடித்து ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். சோம்பேறித்தனப்பட்டு நான்கில் மட்டும் பிடித்தால் கெட்டது ஐந்தாவதாகத்தான் இருக்கும். புது நாசில் விடும் அளவைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக விடுவது தேய்ந்துவிட்டது, தூக்கிப் போடுங்கள். அப்படித் தேய்ந்தவை மூன்று நான்கு இருந்தால் மற்றவையும் அதே வயசுதான், முழு செட்டையும் மாற்றிவிடுவது நல்லது. குறைவாக விடுவது அடைப்பு. கழற்றி, உள்ளே இருக்கும் சல்லடையையும் சேர்த்து பிரஷால் கழுவுங்கள். குளத்துத் தண்ணீரை நேராக மோட்டார் வைத்து நிரப்புகிறவர்களுக்கு இது ஓயாத வேலை, நிரப்பும் வாயிலேயே ஒரு துணி கட்டிவிடுங்கள்.

பூமின் உயரத்தையும் இப்போதே பாருங்கள். 110 டிகிரி விசிறி நாசில் என்றால் பயிரின் தலையிலிருந்து 50 சென்டிமீட்டர் மேலே, 80 டிகிரி என்றால் 75. தரையிலிருந்து அல்ல, பயிரின் தலையிலிருந்து.

6. இனி பெட்டிக்குள்: அலகும் அகலமும்

செட்டிங் மெனுவில் முதலில் பார்க்க வேண்டியது எந்த அலகில் இருக்கிறது என்பது. இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். பல பெட்டிகள் ஹெக்டேருக்கு லிட்டர் என்ற கணக்கில் இருக்கும். நாம் ஏக்கர் நினைப்பில் 200 என்று போட்டால் ஏக்கருக்கு 81 லிட்டர்தான் விழும். புழு சாகவில்லை, மருந்து போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோம். ஏக்கருக்கு 200 வேண்டும் என்றால் ஹெக்டேர் கணக்கில் 494 போட வேண்டும். அமெரிக்க கேலன் கணக்கில் இருந்தால் ஏக்கருக்கு 53 கேலன். மெனுவில் ஏக்கருக்கு லிட்டர் என்று மாற்ற வழி இருந்தால் மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் ஹெக்டேரிலேயே விட்டுவிட்டு சிட்டாவின் பரப்பையும் ஹெக்டேரிலேயே படியுங்கள், அதுவும் வசதிதான்.

அடுத்தது அகலம். பூமின் கம்பி நீளத்தை அளந்து போடாதீர்கள். நாசில் எண்ணிக்கையை இடைவெளியால் பெருக்குங்கள்: 24 நாசில், 50 சென்டிமீட்டர் என்றால் 12 மீட்டர். மூன்று பிரிவாக வால்வு இருந்தால் ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை நாசில் என்று எண்ணி ஒவ்வொன்றுக்கும் தனியாகப் போட வேண்டும். நடுப் பிரிவில் கூடக் குறைய இருப்பது சகஜம். எல்லாப் பிரிவுக்கும் ஒரே எண்ணைப் போட்டுவிட்டால், வரப்போரம் ஒரு பக்கத்தை மூடும்போது கணக்கு தப்பும்.

7. வேக சென்சார்

ஜி.பி.எஸ். வேகம் என்றால் இதில் செய்ய அதிகம் ஒன்றும் இல்லை, வண்டி கிளம்பும்போதும் நிற்கும்போதும் ஓரிரு விநாடி பின்தங்கும், அவ்வளவுதான். சக்கரத்தில் மாட்டிய சென்சார் என்றால் அளந்துதான் ஆக வேண்டும். 100 மீட்டர் ஓட்டுங்கள், பாதி டேங்க் தண்ணீரோடு, வயல் மண்ணில். பெட்டி எத்தனை மீட்டர் காட்டுகிறது என்று பாருங்கள். ஒரு துடிப்புக்கு (சென்சார் அனுப்பும் சிக்னலுக்கு) எத்தனை சென்டிமீட்டர் என்று பெட்டியில் இருக்கும் எண்ணை உண்மையான தூரத்தால் பெருக்கி, பெட்டி காட்டிய தூரத்தால் வகுத்துப் புது எண்ணைப் போடுங்கள். எண் 50 என்று இருந்து, 100 மீட்டருக்கு 96 காட்டினால், புது எண் 52.1.

பின் சக்கரத்தில் சென்சார் வைத்துத் தந்திருந்தால் முன் சக்கரத்துக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். ஈரக் கரிசலில் பின் சக்கரம் வழுக்கிச் சுற்றும், வண்டி நகராமலே வேகம் கூடியதாக நினைத்துப் பெட்டி தண்ணீரை அள்ளி விடும். டயர் மாற்றினாலும், காற்று அழுத்தம் நிறைய மாறினாலும் இதைத் திரும்பச் செய்யுங்கள்.

8. ஃப்ளோ மீட்டர்

நாசிலுக்குப் போகும் தண்ணீரை அளந்து பெட்டிக்குச் சொல்வது ஃப்ளோ மீட்டர். அதன் மேல் ஒரு எண் அச்சடித்திருக்கும், லிட்டருக்கு இத்தனை துடிப்பு என்று. முதலில் அதைப் போடுங்கள். பிறகு சோதனை: பெட்டியின் லிட்டர் கணக்கைப் பூஜ்யமாக்கி, டேங்கில் ஒரு கோடு வரை நிரப்பி, நின்ற இடத்திலேயே 200 லிட்டராவது விட்டு, பின் வாளியால் அளந்து அதே கோடு வரை திரும்ப நிரப்புங்கள். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், சரிவில் நின்றால் டேங்கின் கோடே பொய் சொல்லும். பெட்டி 210 காட்டி, வாளிக் கணக்கு 200 என்றால், பழைய எண்ணை 210-ஆல் பெருக்கி 200-ஆல் வகுங்கள். பழைய எண் 400 என்றால் புதுசு 420. தலைகீழாகப் பெருக்கிவிட்டால் பிழை இரண்டு மடங்காகிவிடும் என்பதால் புது எண்ணைப் போட்டு இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். சில பெட்டிகள் பத்து லிட்டருக்கு இத்தனை துடிப்பு என்று கேட்கும், தசமப் புள்ளியைக் கவனியுங்கள்.

எத்தனை தடவை செய்தாலும் எண் நிற்கவில்லை என்றால் குழாய் போகும் வழியைப் பாருங்கள். டேங்குக்குத் திரும்பிப் போகும் குழாய் ஃப்ளோ மீட்டருக்கு முன்னால் பிரிய வேண்டும். பின்னால் பிரிந்தால், டேங்குக்குத் திரும்பிய தண்ணீரும் வயலில் விழுந்ததாகக் கணக்காகும். மாட்டித் தந்தவர்களே இந்தத் தப்பைச் செய்வது உண்டு, இதை வாரண்டியில் சரிசெய்யச் சொல்லிக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. இன்னொன்று, உள்ளே சின்னச் சக்கரம் சுற்றும் வகை மீட்டர் என்றால் நனையும் தூள் மருந்து அடித்த பிறகு கழற்றிக் கழுவுங்கள், தூள் பிடித்துச் சக்கரம் மெதுவாகும்.

9. வால்வு எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்க வேண்டும்

பெட்டி சொல்வதைக் கேட்டுத் திறந்து மூடும் வால்வுக்கு ஒரு வேக எண் இருக்கும். கூட்டி வைத்தால் பிரஷர் முள் ஏறி இறங்கி ஆடிக்கொண்டே இருக்கும். குறைத்து வைத்தால் வேகம் மாறி வெகுதூரம் போன பிறகுதான் தண்ணீர் மாறும். கம்பெனி போட்டுத் தந்த எண்ணிலேயே தொடங்கி, ஒரே சீராக ஓட்டும்போது முள் ஆடினால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். எத்தனை சதவீத வித்தியாசம் வரை கண்டுகொள்ளாமல் விடலாம் என்று இன்னொரு எண் இருந்தால் 3 அல்லது 4 போதும். ஒன்றில் வைத்தால் வால்வு மோட்டார் ஓயாமல் வேலை செய்து சீக்கிரம் போய்விடும். குறைந்தபட்ச பிரஷர் போட இடம் இருந்தால் விசிறி நாசிலுக்கு 1.5 பார் போடுங்கள். அதற்குக் கீழே விசிறி விரியாமல் கோடு கோடாக ஒழுகும்.

10. அரை ஏக்கரில் கடைசிச் சோதனை

எல்லாம் போட்டாயிற்று, இப்போது ஆட்டோவில் ஓட்டிப் பாருங்கள். 12 மீட்டர் பூம் 169 மீட்டர் ஓடினால் அரை ஏக்கர். டேங்கைக் கோடு வரை நிரப்பி, அவ்வளவு தூரம் அடித்து, திரும்ப வாளியால் நிரப்புங்கள். 100 லிட்டர் பிடித்தால் சரி, 95-லிருந்து 105 வரை விட்டுவிடலாம். அதைத் தாண்டினால் 6, 7, 8 மூன்றில் ஒன்று தப்பு. பெட்டி காட்டும் பரப்பு தப்பாக இருந்தால் வேகமோ அகலமோ, லிட்டர் தப்பாக இருந்தால் ஃப்ளோ மீட்டர்.

எண்கள் எல்லாவற்றையும் மெனு மெனுவாக செல்போனில் படம் பிடித்து வையுங்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலோ யாராவது ரீசெட் அமுக்கினாலோ சில பெட்டிகளில் எல்லாம் கம்பெனி எண்ணுக்குப் போய்விடும்.

11. டேங்குக்கு எவ்வளவு மருந்து

கன்ட்ரோலர் தண்ணீரைத்தான் பார்க்கிறது, டேங்கில் மருந்து எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. 600 லிட்டர் டேங்க், ஏக்கருக்கு 200 லிட்டர் என்றால் ஒரு டேங்க் மூன்று ஏக்கருக்கு, ஆகவே மூன்று ஏக்கர் மருந்து. லேபிளில் ஹெக்டேருக்கு என்று போட்டிருந்தால் இரண்டரையால் வகுத்து ஏக்கருக்குக் கொண்டுவாருங்கள். கடைசி டேங்கில் மிச்ச பரப்புக்கு மட்டும் கலக்குங்கள். மிஞ்சியதை எங்கே கொட்டுவது என்ற கேள்வியே வரக் கூடாது. மருந்து பில்லையும் லேபிளையும் அறுவடை வரை பத்திரமாக வைத்திருங்கள், பயிர் கருகினால் பேசுவதற்கு அது ஒன்றுதான் ஆதாரம்.

12. அடிக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்

டிஸ்பிளேயில் 200 என்று நிற்பதை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டாதீர்கள். 24 நாசிலில் மூன்று அடைத்துக்கொண்டாலும் அது 200 என்றே காட்டும். மொத்தத் தண்ணீர் குறைந்ததைப் பார்த்துப் பெட்டி பிரஷரைக் கூட்டி, மிச்சம் 21 நாசிலில் அதே அளவைத் தள்ளிவிடும். மூன்று இடத்தில் மருந்தே விழாது, மற்ற இடத்தில் 14 சதவீதம் கூடுதல்.

ஆகவே கண் பிரஷர் கேஜில் இருக்கட்டும். அதே கியர், அதே வேகம், ஆனால் பிரஷர் வழக்கத்தைவிட ஏறி நிற்கிறது என்றால் எங்கோ நாசில் அடைப்பு. பிரஷர் இறங்கி நிற்கிறது, டிஸ்பிளே மட்டும் சரியாக இருக்கிறது என்றால் நாசில் தேய்ந்திருக்கிறது அல்லது மீட்டருக்குப் பின்னால் ஏதோ குழாய் ஒழுகுகிறது. பிரஷரும் இறங்கி, டிஸ்பிளேயிலும் அளவு குறைகிறது என்றால் உறிஞ்சும் பக்கத்து ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் பாசியோ சருகோ இருக்கும்.

வாடகைக்கு வண்டி கூப்பிடுகிறவர்கள் ஏக்கர் கூலி பேசும்போதே இரண்டு நாசிலில் ஜாடி பிடித்துப் பார்க்க ஐந்து நிமிடம் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். நல்ல ஓட்டுநர் கோபப்பட மாட்டார். முந்தின வயலில் என்ன அடித்தார், டேங்கைக் கழுவினாரா என்பதையும் அப்போதே கேளுங்கள், பருத்தி போட்டவர்கள் கட்டாயம்.

நாசில் ஜாடிப் பரீட்சையை ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும், பருவம் நடுவில் ஒரு தடவையும் செய்யுங்கள். நாசில் நிறம் மாறினால் 5-ம் 10-ம் போதும். டயர் மாறினால் 7. பம்பையோ குழாய் வழியையோ தொட்டால் 8-லிருந்து தொடங்குங்கள்.